தராசில் ஏறிய மைனாக்கள்

முட்டை ஒதுக்கப்பட்ட மைனாக் குஞ்சுகள், முட்டையையே காணாத குஞ்சுகளைவிட இளைத்திருந்தன. ஏணியின் உச்சியில் நின்ற பங்களாத் தோட்டக்காரன் ஆண்டியப்பனுக்கு, இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனைக் குளிரிலும் வியர்த்தது.

இளைத்தவை குஞ்சுகள், பறிபோகவிருந்ததோ பிள்ளைகளின் பால்.

குடியுரிமையோடு வாக்குச்சீட்டையும் பறிகொடுத்த தேயிலைத் தோட்ட மக்களுக்கு மனுச்சீட்டு ஒன்றே மிஞ்சியிருந்த காலம் அது. தாய் முதுகில் கொழுந்துக் கூடை. அவள் பிள்ளை வயிற்றில் வெறுந்தேநீர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளைக்காம்பராவில் விடப்படும் பதினொரு குழந்தைகளுக்கும் நாள்தோறும் பாலும் முட்டையும் வேண்டும் என்று தொழிற்சங்கத்தார் மனுக் கொடுத்தனர். ஆண்டியப்பனின் மகன் மாயாண்டியும் அந்தப் பதினொருவரில் ஒருவன்.

தோட்டத்தை நிர்வகிப்பவரும் பறவைப் பித்தருமான பெரிய துரை சிரித்தார்.

"லயத்துக் கூலிப் பிள்ளை பிறவியிலேயே சின்னது. அது ரத்தம்! தீனி ஒன்னும் செய்யாது. மைனாவை வச்சுக் காட்டுறேன்."

பங்களாக் கூரையடியில் இரண்டு மரப்பெட்டிகள். இரண்டிலும் பொரித்த சூடு ஆறாத குஞ்சுகள். கிழக்குப் பெட்டிக்கு முட்டையும் பாலும் ஊட்ட வேண்டும். மேற்குப் பெட்டிக்குத் தாய்ப்பறவை தருவதே போதும். மூன்று வாரத்தில் கிழக்கு கனத்தால் மனுவில் கையெழுத்து. இல்லையேல் மனு அடுப்பில்.

"மைனாவுக்கு ஆக்கிப்போடவா நான் கோட்டுப் போட்டிருக்கேன்?" என்று பங்களாச் சமையல்காரர் ஜோர்ஜ் மறுத்துவிட்டார். ஆகவே முட்டையும் பாலும் பிள்ளைக்காம்பரா அடுப்புக்குப் போயின. அங்கே ஆயா, ஆண்டியப்பனின் மனைவி காளியாயி. அவள் மஞ்சள்மஞ்சேளென்று மசித்துக் கிண்ணத்தில் தருவாள். அவன் ஏணியேறி ஊட்டுவான்.

முதல் வாரமே கிழக்கு பின்தங்கியது. எவ்வளவு தீனியானாலும் பலிக்காதென்று காட்ட, துரை நாளுக்கு இரண்டு முட்டையை ஆறாக்கினார். ஆண்டியப்பன் தொண்டைவரை ஊட்டினான். வயிறு அடைத்த குஞ்சுகள், தாய் கொண்டுவந்த புழுவுக்கும் வாய் திறக்கவில்லை, மேலும் இளைத்தன. துரை ஆறைப் பன்னிரண்டாக்கி, பாலையும் இரண்டு போத்தலாக்கினார். கிண்ணம் பெருத்தது. குஞ்சு பெருக்கவில்லை.

"என்னாடி பெசஞ்சு குடுக்குற? ஒரு புடி சதை வைக்கலையே!"

"ஊட்டுற கை அப்புடிங்க. என் கையால ஊட்டுற பதினொன்னும் நல்லாத்தானே இருக்கு?"

"மனு அடுப்புக்குப் போகப்போவுது, ஒனக்குக் கேலியா?" என்று மாயாண்டியைத் தூக்கியவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "நீ கனக்குற பயலே, மைனா கனக்க மாட்டேங்குதே!"

மூன்றாம் வாரக் கடைசியில், குஞ்சுக் கூடைகளும் கடிதத் தராசும் மனுவுமாகத் துரை பிள்ளைக்காம்பராவுக்கே வந்துவிட்டார். வாசலில், மாதந்தோறும் குழந்தைகளை எடைபோடும் கொழுந்துத் தராசு தொங்கியது.

"கிழக்கு மூனு அவுன்ஸ். மேற்கு மூனரை! நல்ல தீனி தோத்துப்போச்சு. இது ரத்தம்!" மனு அடுப்பின் வாய்க்கு நீண்டது.

ஆண்டியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

கொழுந்துத் தராசு கிறீச்சிட்டது. மாயாண்டியை அதில் உட்காரவைத்த காளியாயி, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எரிக்கிறதுக்கு முன்ன இந்தக் கூட்டுக் குஞ்சையும் ஒருக்கா நிறுத்துப் பாத்துடுங்க தொரை, ஒங்க முட்டையும் பாலும் இங்கதான் எறங்குச்சு, மைனாவுக்குப் போனதெல்லாம் மஞ்சத்தூள் போட்ட உருளக்கெழங்கு!"