நானூறு கிலோ மறுபயன்பாடு

பிஷ்கெக் நகரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையில், எங்கப்பா சாகின்பெக் ஓர் அறிவிப்பு செய்தார். (அவர் பேச்சை மட்டும் மூக்கால் படிக்கவும். அவர் அப்படித்தான்.)

"ஆபீஸ் பழைய சாமான்ல எவ்வளவு மறுபடி உபயோகத்துக்கு வருதுன்னு அளக்கணுமாம். பொறுப்பு என்னோடது. நானூறு கிலோ தேறினா இசிக்-குல் ஏரிக்கரை விடுதியில ஒரு வாரம். ஒரே சீட்டு."

"யாருக்கு?" என்றார் அம்மா பெர்மெட். அவர் குரல் தேன். பயப்பட வேண்டிய தேன்.

"அளக்கறவனுக்குத்தான்."

அளக்கிறவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. குப்பைக்குப் போவதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து 'மறுபயன்பாடு' என்று எழுதிவிடுவது. பதினோரு பிரிண்டர், ஃபேக்ஸ் மெஷின், முடமான நாற்காலிகள், இரும்பு அலமாரி. நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அலமாரி மேலே வந்தபோது அப்பாவும் அலமாரி நிறத்தில் இருந்தார்.

அம்மா திட்டவே இல்லை. அப்பா அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வெலவெலத்துப்போய் வந்தார். "நாளைக்குச் சரிபார்க்க வர்றாங்க. எல்லாம் நிஜமாவே உபயோகத்துல இருக்கணுமாம்."

"இருந்துட்டாப் போச்சு. நீங்க டீயைக் குடிங்க."

தலைமை அலுவலகத்து குல்பாரா அக்கா தராசோடும், சீட்டு வைத்த உறையோடும் வந்தார். பிரிண்டர் தட்டுகளில் தயிர் உருண்டைகள் காய்ந்தன. ஃபேக்ஸ் மெஷின் முட்டைக்கோஸ் ஊறுகாயை அமுக்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் தக்காளி நாற்று. அலமாரியில் அகரவரிசைப்படி ஜாம்.

"இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லம்மா."

"அப்ப முதல் தடவை பார்க்கறீங்க. கொருந்துக் எங்கே அக்கா?" என்றார் அம்மா.

மருமகளோ கன்றுக்குட்டியோ, புதிதாக எதைப் பார்த்தாலும் பார்த்தவர் கொடுத்தே ஆகவேண்டிய பரிசுதான் கொருந்துக். கொடுக்காமல் எங்கள் ஊரில் யாரும் வாசல் தாண்டியதில்லை. அக்கா கையில் இருந்ததோ உறை மட்டும். அது அம்மா கைக்குப் போனது.

"அது என்..." என்றார் அப்பா.

"இன்னும் யாருதும் இல்ல தம்பி," என்றார் அக்கா, எடை போட்டு முடித்து. "முந்நூத்திப் பன்னிரண்டுதான். எண்பத்தெட்டு கிலோ குறையுது. சீட்டு ஆபீசுக்கே திரும்பணும்."

அம்மா யோசித்தார். "ஆபீஸ்லேர்ந்து தினம் சாயங்காலம் வீட்டுக்கு வர்ற பழசு இன்னும் ஒண்ணு இருக்குக்கா. ஏங்க, தராசில ஏறுங்க."

முதலில் கணக்குத் தேறட்டும், சீட்டை அப்புறம் கெஞ்சி வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா ஏறினார். சரியாக எண்பத்தெட்டு. 'அளந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

"இதுக்கு என்ன உபயோகம்னு எழுதட்டும்?" என்றார் அக்கா.

"எங்கம்மா வீட்டுல உருளைக்கிழங்கு தோண்ட. நான் விடுதியில இருக்கற அதே வாரம்."

அப்பாவுக்கு மூக்கே அடைத்துவிட்டது. "அப்ப எனக்கு ஏரி?"

"எங்கம்மா வயல்லேர்ந்தே தெரியுங்க," என்றார் அம்மா. "நிமிர்ந்தா."