வாசக்கதவுக்கு டாங்கிப் பச்சை

இந்த வருஷம் முதல் பரிசு வாங்காமல் விடுவதில்லை என்று டாங்கிக்காரர் மேசையில் ஓங்கிக் குத்திச் சபதம் போட்டார். குத்திய வேகத்தில் பெயிண்ட் புட்டி ஒன்று கவிழ்ந்தது. சபதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் துணியெடுத்துத் துடைத்தார்.

டாங்கிக்காரர் என்றதும் பட்டாளத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்வரி ஆபீசில் ரசீது கிழிக்கிறவர். தெருவில் டயர் வெடித்தால் கட்டிலுக்கடியில் போய்த் தேட வேண்டும் மனுஷனை. உள்ளங்கை அகலத்துக்குப் பொம்மை டாங்கி ஒட்டி, மயிரிழைத் தூரிகையால் நிறம் தீட்டுவது ஒன்றுதான் அவர் செய்த யுத்தம். அதற்குத் தெரு கொடுத்த பட்டம் அது.

போன வருஷப் பொம்மை டாங்கிப் போட்டியில்தான் மானம் போனது. நடுவராக வந்தவர் நிஜப் பட்டாளத்து மெக்கானிக். அந்தக் காலத்தில் இதே டாங்கிகளுக்குப் பீச்சாங்குழலால் பெயிண்ட் அடித்தவர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "தம்பி, இது டாங்கியா, தார் டின்னா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வேளைக்கு மூன்று தட்டுதான்.

இந்தத் தடவை ஆயுதம் கைவசம் இருந்தது. யுத்தக் கண்காட்சியில் மேடைமேல் நிற்கிற கிழட்டு டாங்கியிலிருந்து தானாக உதிர்ந்த பெயிண்ட் செதிள், நகக்கண் அளவுக்கு. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதைப் படுக்கப் போட்டிருந்தார். அந்தப் பச்சைக்கு இணையாகக் கலக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தொன்பது தடவை கலக்கினார். ஒன்று பாசியாக வந்தது, ஒன்று பச்சோந்தியாக வந்தது. செதிள் மட்டும் வரவில்லை.

இத்தனைக்கும் நிறம் பார்க்கிற கண் அந்த வீட்டிலேயே இருந்தது. அவர் பெண்சாதி தையல் சாமான் கடையில் நூல் கொடுக்கிறவள். துணியை ஒரு தடவை பார்த்தால் போதும். அறுநூறு நூல்கண்டுக்குள் கையை விட்டுச் சரியானதைப் பிடுங்கி எடுத்துவிடுவாள். ஆனால் அவளிடம் போய்க் கேட்பதா? ரசீது கிழிக்கிற கை தாழலாமா? அதனால் ஒரு திட்டம் போட்டார். வாசக்கதவுக்குப் பெயிண்ட் அடியுங்கள் என்று அவள் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதவைச் சாக்காக வைத்துக் கலவையைக் கறந்துவிட வேண்டும். பிறகு கதவாவது ஒன்றாவது!

திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தார்.

"இந்தா பாரு, நம்ம கதவுக்கு இந்த நிறம் எப்படி இருக்கும்?"

அவள் தீப்பெட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி தீப்பெட்டியைப் பார்த்தாள்.

"அட, கதவு மேல கரிசனம் வந்துடுச்சா? நல்லாயிருக்கும்ங்க."

"இதுக்கு என்னென்ன கலக்கணும்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"சும்மா எப்படிங்க சொல்றது? ஈரத்துல நிறம் பொய் சொல்லும். கதவுல அடிச்சு, வெயில்ல காய விட்டுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"ஓரமா ஒரு தீத்து தீத்தினா போதாதா?"

"எங்க கடையில ஒரு முழம் துணி விரிச்சுத்தான் நிறம் பார்ப்போம். உங்களுக்கு அவசரம்னா விட்டுடுங்க. கதவு எங்க ஓடிடப் போகுது?"

விட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை போட்டி. லிட்டர் டின் வாங்கி வந்தார். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கருப்பு கொஞ்சம் என்றாள், காவி கொஞ்சம் என்றாள். கதவு இரண்டு தடவை நிறம் மாறியது. புதன்கிழமை காய்ந்த கதவில் செதிளை வைத்துப் பார்த்தார். செதிள் எது, கதவு எது என்று தெரியவில்லை!

ஓடிப்போய் அதே கலவையைக் குட்டி டாங்கிக்கு அடித்தார். காய்ந்தது. பார்த்தார். சாட்சாத் தார் டின்.

வியர்த்துவிட்டது அவருக்கு. அதே கலவை, அதே நிறம், கதவில் ராணுவம், டாங்கியில் தார். மறுபடி அவளிடம் போனார்.

"கதவு கொஞ்சம் கறுப்பாத் தெரியுதோ?"

"கதவா? எனக்கு அப்படித் தெரியலையே. எதுக்கும் ஜன்னல்ல அடிச்சுப் பாருங்க."

நான்கு ஜன்னல் முடிந்தது. டாங்கி அப்படியே கறுத்துக்கிடந்தது.

"ஜன்னல் நிழல்ல இருக்குதுங்க. வெளிக்கேட்டு நல்ல வெயில்ல நிக்குது. அதுல தெரிஞ்சுடும்."

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டின் கடைசிக் கம்பிக்கு அடித்துவிட்டு நிமிரப் பார்த்தார். இடுப்பு வரவில்லை. குனிந்தபடியே வீட்டுக்குள் போய், குனிந்தபடியே சரணாகதி அடைந்தார்.

"டாங்கி கறுப்பா இருக்கு!"

"எந்த டாங்கி? கதவுக்குன்னு இல்ல கேட்டீங்க?"

"எல்லாம் டாங்கிக்குத்தான் தாயே. நாளைக்குப் போட்டி. என்னைக் காப்பாத்து."

"அந்தக் கலவையில ரெண்டு சொட்டு வெள்ளை விடுங்க."

"அவ்வளவுதானா?"

"பெரிசுல இருக்கிற நிறத்தை அப்படியே சிறிசுல வச்சா கறுத்துத்தாங்க தெரியும். கண்டுல ஒரு நிறம், இழையா உருவினா வேற நிறம். தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதா?"

இரண்டு சொட்டு விட்டார். அடித்தார். காய்ந்ததும் அவர் கண்ணே கலங்கிவிட்டது. கண்காட்சி டாங்கி சுருங்கி வந்து மேசைமேல் நின்றது.

"இதை எப்போ கண்டுபிடிச்சே?"

"போன வருஷமே. அந்த மெக்கானிக் ஐயா உங்களைக் கேலி பண்ணப்போ நானும்தானே பின்னாடி நின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

மறுநாள் நடுவர் பூதக்கண்ணாடியை வைத்தவர் எடுக்கவே இல்லை. "இதுதான்யா நிறம்! நான் அடிச்சது மாதிரியே இருக்கு. யாரு கலக்கினது?"

"நானேதான் ஐயா. ஒத்தை ஆளா" என்றார் டாங்கிக்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

முதல் பரிசுக் கேடயத்தோடு வீட்டுக்கு வந்து, அதைக் கூடத்தில் நட்டநடுவில் மாட்டினார். பெண்சாதி வந்து பக்கத்தில் நின்றாள். கேடயத்தைப் பார்த்தாள். பிறகு அது தொங்கிய சுவரை மேலிருந்து கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஆற அமரப் பார்த்தாள்.

"ஏங்க, அடுத்த போட்டிக்குப் பாலைவனத்துல ஓடின டாங்கி ஏதாவது செய்யுங்களேன். கூடத்துக்கு அந்த மணல் நிறம் எடுப்பா இருக்கும்."