நான் துடைத்த விரிசல்

வீடு வாங்கும் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். அதற்கு முன் இருபது வருஷம் ஒரே ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு வாழ்ந்தவன் நான். ஒருமுறையாவது நிமிர வேண்டாமா?

"என் தம்பி வந்து ஒரு பார்வை பார்க்கட்டுமே. அவன் கட்டட இன்ஜினியர்" என்றாள் மனைவி.

"நான் யாரு?"

"நீங்க அச்சாபீஸ்ல புரூஃப் பார்க்கறவர்."

"அதாவது, அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிச்சே சோறு திங்கறவன். என் கண்ணுக்கே தெரியாதது உன் தம்பி கண்ணுக்கு என்ன தெரியப் போகுது?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "இந்த வீட்ல ஒரே ஒரு குறை கண்டுபிடி. அன்னையிலேர்ந்து எந்த விஷயத்துலயும் நான் வாயே திறக்கமாட்டேன்" என்று சவால் விட்டேன். இருக்கிற கொஞ்சநஞ்ச அதிகாரத்தையும் இப்படித்தான் பணயம் வைத்தேன்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று அறை அறையாகச் சுவரைத் தட்டினேன், தர்பூசணி வாங்குகிற மாதிரி காதை வைத்துக் கேட்டேன். ஹாலில் சுவருக்குச் சுவர் தடித்த விரிப்பு போட்டிருந்தார்கள். "என்ன ரசனை!" என்று பாராட்டவும் செய்தேன்.

குடிபோன அன்று பார்த்தால், பழைய வீட்டுக்காரர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார். வாசற்படியில் கிளம்பி, சாவகாசமாக வளைந்து, ஜன்னல் வரைக்கும் காங்கிரீட் தரையில் ஒரு விரிசல். மனைவி சமையலறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். சோபாவை ஒரே மூச்சில் இழுத்து விரிசல் மேல் போட்டேன். மிச்சத்துக்கு ஒரு பாய்.

அவள் வந்தாள். பார்த்தாள்.

"சோபா ஏன் குறுக்க நிக்குது?"

"இப்ப இதுதான் ஃபேஷன்."

"கோணலா உட்கார்றதா?"

"காத்து வரும்ல?"

"ஜன்னல் முதுகுப் பக்கம் இருக்கு."

"அந்தக் காத்து சுவர்ல பட்டுத் திரும்பி வரும்."

பெட்டி பிரிக்கத் திரும்பிப் போய்விட்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அடுத்த ஆபத்து உறைத்தது. நாளைக் காலையில் பெருக்கும்போது பாயைத் தூக்குவாளே!

"இனிமே ஹாலை நானே பெருக்கித் துடைக்கறேன்" என்றேன்.

"ஏன், உடம்புக்கு என்ன?"

"டாக்டர் தினம் குனியச் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"பொதுவா எல்லா டாக்டரும்தான்."

"சரி, குனியறதுதான் குனியறீங்க, மூலை முடுக்கெல்லாம் விடாம துடைங்க."

குனிந்தால் என் கண்ணாடி நேராக வாளிக்குள் குதித்துவிடும். அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் துடைப்பேன். ஒரு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், விரிசலின் இரண்டு முனையிலும் பொடிப்பொடியாக ஏதோ கோடுகள். ஐயையோ, விரிசல் குட்டி போட்டுவிட்டது!

பயத்தில் ஈரத்துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். போயே போய்விட்டது! விரிசலைத் துடைத்தே ஒழித்த முதல் மனிதன் உலகத்திலேயே நான்தான். ஆனால் அடுத்த திங்கட்கிழமை குட்டிகள் மறுபடி ஆஜர். மறுபடி தேய்த்தேன். அதற்கடுத்த திங்களும் அதே கதை. விடுவேனா? காலையில் ஒரு தடவை, ஆபீஸ் விட்டு வந்து ஒரு தடவை என்று துடைக்க ஆரம்பித்தேன். முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன.

ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் மைத்துனன் வந்து நின்றான். துடைத்துக்கொண்டிருந்த நான், கையில் துணியோடு பாய்ந்துபோய்ப் பாயின் மேல் உட்கார்ந்தேன்.

"சோபா இருக்க, ஏன் மாமா கீழ உட்கார்றீங்க?"

"இடுப்புக்கு நல்லது."

"கொஞ்சம் எந்திரிங்க, விரிசலைப் பார்க்கணும்" என்றான், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"எ... எந்த விரிசல்?"

"நீங்க உட்கார்ந்திருக்கற விரிசல்தான். பயப்படாதீங்க மாமா. காங்கிரீட் காயறப்ப இப்படி வெடிக்கறது சகஜம். வளருதான்னு மட்டும் பார்த்துக்கிட்டா போதும். அதுக்குத்தான் வாராவாரம் ரெண்டு முனையிலயும் பென்சில் கோடு கிழிச்சு, தேதி போட்டு வைக்கச் சொன்னேன். எந்தப் புண்ணியவானோ அதையெல்லாம் அழிச்சுடறானாம்!"

"யார்கிட்ட சொன்ன?"

"அக்காகிட்டதான்."

திரும்பினேன். அவள் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வீடு பார்க்க வந்த அன்னிக்கே. நீங்க சுவர்ல காதை வச்சிருந்தீங்களே, அப்ப நான் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா வேற வீடு பார்க்கலாம்னு சொல்லியிருப்பீங்க. எனக்கு இந்த வீடு பிடிச்சிருந்துச்சு."

"சரி, குடிவந்தப்புறமாவது வாயைத் திறந்திருக்கலாமே!"

"திறக்கலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க துடைக்க ஆரம்பிச்சுட்டீங்க."

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துடைக்கிற துணியை வாளியில் விட்டெறிந்தேன்.

"இனிமே இந்த ஹாலை நான் தொடமாட்டேன்! சகஜமான விரிசல்னு உன் தம்பியே சொல்லிட்டான். இது குறையே இல்ல. என் பேச்சு இன்னும் இந்த வீட்ல செல்லும்!"

"தாராளமா செல்லும். யாரு இல்லேன்னது?" என்றபடி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, ஏதோ ஞாபகம் வந்தவள் போலத் திரும்பினாள்.

"சமையலறையிலயும் ஒரு விரிசல் இருக்குங்க. நான் இன்னும் பார்க்கல."