காய்ச்சல் இல்லாத வீட்டுக்கு ரொட்டி

வரப்போகும் கெடுதலுக்கெல்லாம் ஊருக்காக முன்கூட்டியே பயந்து முடித்து வைக்கிற மனிதர் காரைக்குடியில் ஒருவர்தான். அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவுக்கு அவர் பினாங்கு பாய்.

பினாங்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் பார்த்துவிட்டுத் திரும்பியவர். பள்ளத்தூர் பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். கவிழ்ந்தால் குதிக்கத் தோதாக வாசல் கம்பியைப் பிடித்தபடியே வருவார்.

"அப்பக் கப்பல்ல எப்படி பாய் வந்தீக?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நின்னுக்கிட்டே வந்தேன் தம்பி. எல்லாரும் படுத்துத் தூங்குறாக. ஒரு ஆளாவது கப்பலைப் புடிச்சுக்கிட்டு நிக்க வேணாமா?"

கப்பல் முழுகவில்லை. தம்மால்தான் என்று அவர் பெருமை பேசியதில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை.

என் தங்கை மீனாவைப் பெண் பார்க்க வரும் செய்தி இவர் காதுக்கு எட்டியது. முன்பு வந்த இரண்டு வரன்களும் கேசரியைத் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள். ஒரு வார்த்தை வரவில்லை. இதுவும் தட்டிப்போனால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் சொல்லிவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அம்மா எதற்கும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் படித்த புத்தகம் எதிலும் பெண் பார்க்கும் படலம் இல்லை.

மூன்றாவது வரன் திருப்பத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளைக்குப் பட்டணத்தில் வேலை.

"கேசரிதான் ராசியில்ல ஆத்தா," என்றார் பாய் அம்மாவிடம். "ரொட்டிப் புட்டிங் பண்ணித் தாரேன். எங்க தொரைக்கு எம்புட்டுக் கோவம் வந்தாலும் அதத் தின்னாத்தான் அடங்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

எங்கள் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. கடையில் ரொட்டி வாங்குகிறவனிடம் யாரும் விலை கேட்க மாட்டார்கள், "யாருக்கு முடியல?" என்றுதான் கேட்பார்கள். பினாங்கிலேயே பாதி ஆயுசு கழித்த பாய்க்கு இது நினைவில் இல்லை. கை கொள்ளாத ரொட்டியோடு கடைத்தெரு வழியாக நடந்து வந்தார்.

"யாருக்குப் பாய் காய்ச்சல்?" என்றார் டீக்கடைக்காரர்.

வேறொருவர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். பாய் நின்று யோசித்தார். "மீனா வீட்டுக்குக் கொண்டுபோறேன். இந்த நிமிசம் வரைக்கும் ஒண்ணுமில்ல. இனிமேலும் ஒண்ணும் வராம அல்லாதான் பாத்துக்கணும்."

சற்றைக்கெல்லாம் பக்கத்து வீட்டு ஆச்சி கஞ்சிச் செம்போடு வந்துவிட்டார். "இம்புட்டு ரொட்டி வாங்குற அளவுக்கா முத்திப்போச்சு? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று மீனாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சூடே இல்லையே. அப்ப உள்காய்ச்சல்தான்."

அடுக்களையில் பாய் ரொட்டியின் ஓரங்களைச் சீவி, பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து, நெய் தடவிய தூக்குச்சட்டியில் அடைத்தார். அதை வெந்நீர்க் குண்டானுக்குள் இறக்கி மூடினார். ஆவியில் மூடி பறந்துவிடும் என்ற பயத்தில் மேலே ஆட்டுக்கல் குழவியை ஏற்றினார். சீனி கிடைக்காத சமயம் என்பதால் பாகுக்குக் கருப்பட்டி. அதில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ந்தபோது வீடே மணத்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"தம்பி, முட்டையும் பாலும் சேருது. வந்தவுகளுக்குச் செரிக்காமப் போச்சுன்னா?"

கேட்டுக்கொண்டே ஒரு கை சுக்குப்பொடியை அள்ளிப் போட்டுவிட்டார். பாகு கறுத்துக் கஷாயமானது. நாட்டு மருந்துக் கடைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

பிறகு குண்டான் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, "சத்தம் போடாதீக. அதிர்ந்தா புட்டிங் அமுங்கிரும்," என்றார். அம்மா கிசுகிசுக்க ஆரம்பித்தாள். நான் நுனிக்காலில் நடந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் திருப்பத்தூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டீக்கடையில வழி கேட்டோம். அந்தக் காய்ச்சல் வீடாங்குறாக," என்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சுக்கு வாசம், கஞ்சிச் செம்போடு ஆச்சி, வாயைப் பொத்தியபடி நாங்கள். "பொண்ணுக்கு மேலுக்கு முடியலையா?"

"அய்யோ, நல்லா இருக்கா!" என்றேன். அதுவும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை.

அடுக்களையிலிருந்து பாய் அலறினார். "தம்பி! இப்ப எறக்கலேன்னா ரப்பராயிரும்! நான் தொட்டாக் கவுந்துரும், ஓடி வா!"

நான் திரும்புவதற்குள் மீனா போய்விட்டாள். கூப்பிடும்வரை பெண் தலைகாட்டக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, துணியைச் சுற்றிப் பிடித்து, கொதிக்கிற குண்டானைக் குழவியோடு சேர்த்து ஒரே தூக்கில் கீழே இறக்கினாள். வாசலிலிருந்து பார்த்தால் அடுக்களை நேராகத் தெரியும். குழவியை ஒரு கையால் எடுத்து ஓரமாக வைத்தாள். தூக்குச்சட்டியைத் தட்டில் கவிழ்த்து ஓங்கித் தட்டினாள். புட்டிங் குலுங்கிக்கொண்டே முழுசாக நின்றது. பயத்தில் இறுக மூடிய கண்ணைப் பாய் இன்னும் திறக்கவில்லை.

முதலில் வாய் திறந்தவர் ஆச்சிதான். "காய்ச்சக்காரி தூக்குற தூக்கா இது?"

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளை தட்டை வழித்துவிட்டு, "அந்தச் சுக்குப் பாகு இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து நாள் பார்த்தார்கள்.

கல்யாணத்தன்று லேசாகக் காற்று அடித்தது. பாய் காலையிலிருந்தே பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட வாங்க பாய். கடைசிப் பந்தி," என்று கெஞ்சினேன்.

"இத விட்டுட்டா தம்பி?"

கழுத்து மாலையோடு மீனா எழுந்து வந்தாள். ஒரு கையால் பந்தல் காலை இறுகப் பிடித்தாள்.

"நான் புடிச்சுக்கிறேன் பாய். நீங்க மெதுவாச் சாப்பிட்டு வாங்க."

அவர் கை கழுவித் திரும்பும்வரை அவள் விடவில்லை.