முகம் வராத கல்யாணப் படம்

கேமரா என்றால் முகத்தைத்தான் தேடும் என்று நினைக்கிறீர்கள். நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். எனக்குத் தெரிந்தபோது ஊருக்கே தெரிந்துவிட்டது.

எழுபதுகளில், சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒருவர் என் நச்சரிப்புத் தாங்காமல் தன் மூவி கேமராவை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். கருட சேவையை எடுத்தேன். பக்கத்து வீட்டுக் காதுகுத்தை எடுத்தேன் (குழந்தை அழுததைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்; அதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்). உடனே தலைக்கனம் ஏறிவிட்டது. கல்யாணம், காட்சிகள் படம் எடுத்துத் தரப்படும் என்று ஒரு போர்டு எழுதி, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் மாட்டினேன்.

முதல் கிராக்கியாக வந்தவர் யார் தெரியுமா? என் நைனாவுக்குத் தறி வேலை கொடுக்கும் முதலாளி! அவர் பட்டும் ஜரிகையும் கொடுத்தால்தான் எங்கள் வீட்டுத் தறி ஓடும். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம்.

"வேணாம்டா. நீ எதையாவது கோணல்மாணலா பண்ணிவெச்சா நாளைக்கே பட்டு குடுக்கிறதை நிறுத்திடுவாரு. அப்புறம் வெறும் தறியைப் பாத்துக்கினு உக்கார வேண்டியதுதான்" என்றார் நைனா.

"இன்னா நைனா நீ! இது ஆர்ட்டு" என்றேன். (இருபத்திரண்டு வயசு. வேறென்ன சொல்ல?)

கல்யாணத்தன்று ஓடினேன், குனிந்தேன், நாற்காலி மேல் ஏறினேன். புரோகிதரை இரண்டு முறை நகரச் சொன்னேன். அந்தக் காலத்தில் எடுத்ததை உடனே பார்க்க முடியாது. சுருளைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும். அது வந்து சேர்ந்ததும் முதலாளி சும்மா இருந்தாரா? சம்பந்தி வீட்டாரை வரவழைத்து, கூடத்து ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மூடி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டார். நானும் முன்னால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் வாடகைப் புரொஜெக்டரோடு போய் நின்றேன்.

படம் ஓடியது. மணப்பெண்ணின் கூறைப்புடவைக் கரை. அப்புறம் அதன் முந்தானை. அப்புறம் யாரோ ஓர் அத்தையின் கொசுவம். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் இரண்டு கைகள் வந்தன. அதற்குள் கேமரா அவருடைய பட்டு வேட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது.

"இன்னாபா இது, எம்புள்ளைக்குத் தலையே இல்ல?" என்றார் சம்பந்தியம்மா.

பின்னால் வந்து உட்கார்ந்திருந்த நைனா இருட்டில் இருமினார். பாழாய்ப்போன புரொஜெக்டரோ ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்து வந்தது முதலாளியம்மாவின் முந்தானை. சுவரில் கட்டிய வேட்டி முழுக்க, திரும்பிப் பார்க்கும் மயில்! அந்த மயிலைப் போடுகிறவர் ஊரிலேயே ஒருவர்தான்: முதலாளியின் ஜென்ம விரோதியான பக்கத்துத் தெருப் பட்டுக்கடைக்காரர். தன் வீட்டுப் பெண்கள் தன் கடைப் புடவையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் முதலாளி. (கல்யாணத்தன்றே கவனிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். மனுஷன் பெண்டாட்டியை ஏறிட்டுப் பார்த்தால்தானே!)

முதலாளி எழுந்தார். "இன்னாமே இது?"

"புடவை. கண்ணு தெரியலியா?" என்றார் முதலாளியம்மா. "உங்க கடையில இந்த மயிலு இருக்குதா? இருந்தா நான் ஏன் அங்க போறேன்? கல்யாணம் ஆன நாளா அதே கோபுரக் கரையைக் கட்டிக்கினு கீறேன்!"

சம்பந்தியம்மா முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்காமல் சுவர் வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நைனா எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"மறுபடி ஓட்டுடா" என்றார் முதலாளி. மயில் மீண்டும் வந்தது. அவர் நைனா பக்கம் திரும்பினார். "யோவ், இந்தக் கழுத்து வளைவு உன் தறியில வருமா?"

நைனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "வரும்ங்க. இன்னொரு தபா ஓட்டச் சொல்லுங்க."

அந்த மாதமே மயில் எங்கள் தறியில் ஏறியது (முதலாளி அதற்குக் கொண்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, தன் சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொண்டார்). என் போர்டை நைனா கழற்றி விறகோடு சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் என்னைப் படம் எடுக்கக் கூப்பிடவில்லை.

இன்றும் வீட்டு விசேஷத்தில் நான் போனைத் தூக்கினால் போதும், என் மனைவி அங்கிருக்கும் பெண்களுக்குக் குரல் கொடுப்பாள்: "இவரு படம் எடுக்கறாரும்மா! மூஞ்சி கழுவ வேணாம், முந்தானையை மட்டும் நல்லா விரிச்சுக்கினு நில்லுங்க!"