போயிட்டு வர்றேனுங்க

எழவு வீட்டில் எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ, அந்த வார்த்தையைத் தனபால் வாசலில் நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டான்.

"அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க."

கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியில் அந்தப் பெரிய வீட்டு வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அழுகையை நிறுத்தினார்கள். பந்தல்காரன் மூங்கிலை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். செத்துப்போனவர் ஆறுமுகசாமி, தனபாலின் சொந்த மாமனார். அவரைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்து தலையில் ஊற்றிய தண்ணீர்கூட யாருக்கும் காயவில்லை. அதற்குள் மறுபடியும் வருகிறேன் என்றால் என்ன அர்த்தம்? அடுத்த பிணம் விழட்டும், வருகிறேன் என்றுதானே?

"மாப்ள!" என்று பல்லைக் கடித்தான் அருள்குமார். ஆறுமுகசாமியின் மகன், தனபாலின் மனைவி கோமதிக்கு அண்ணன். "எழவூட்டுல சொல்லிக்காம எந்திரிச்சுப் போகோணும். இதுகூடவா தெரியாது?"

"யாரும் சொல்லித் தரலீங்களே," என்றான் தனபால்.

நியாயந்தான். ஆனால் மற்றவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்த 'எப்படியோ'தான் தனபாலுக்குப் பிறந்ததிலிருந்து பிடிபடாத சங்கதி.

ஏற்கெனவே அன்று காலையிலேயே அவன் பெயர் கெட்டுக் கிடந்தது. நடுவீட்டில் பிணம் கிடக்கிறது, ஒப்பாரி நடக்கிறது, மாப்பிள்ளை எழுந்து தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டான். தென்னைக்குத் தண்ணீர் ஜோராகப் பாய்ந்தது. மாமனார் தினமும் அந்த நேரத்துக்குத்தான் மோட்டார் போடுவார். இன்றைக்கு அவரால் எழுந்து வர முடியாது, அப்படியானால் வேறு யாராவது போட வேண்டும். மோட்டார் ரூமுக்குள் நின்று, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால், தனபால் வாய்விட்டு அழுதான். அழுததை ஒருவரும் பார்க்கவில்லை. தண்ணீர் பாய்ந்ததை ஊரே பார்த்தது.

மாமனாரை அவனுக்குப் பிடிக்கும். வேறு யாருக்காவது பிடித்ததா என்றால் சந்தேகம்தான். மொரடன் என்று ஊருக்குள் பேர். மகள் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் உண்டாச்சுல்ல, கெளம்புங்க" என்றவர். மாமியார் சரஸ்வதியம்மாளின் தாய் செத்த அன்று, பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல், பொழுதுக்கும் அந்த எழவு வீட்டின் ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர். ஒரே தட்டு, ஒரே லோட்டா, மோட்டார் ரூம் வாசலில் ஒரே கயிற்றுக் கட்டில். தனபால் போனால் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார். இருவரும் சாயங்காலம் வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துவிட்டு வந்தால் களைப்பே தராத மனிதர், உலகத்தில் தனபாலுக்கு அவர் ஒருவர்தான்.

சரஸ்வதியம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள். "கல்லோட குடும்பம் பண்ணி அவளும் கல்லாயிட்டா" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த வாரமே தனபாலின் வாக்குப் பலித்தது. அதே வீட்டுக் கிணற்றடியில் கோமதியின் பெரியம்மா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆசுபத்திரிக்குப் போனாள்.

கருமாதிக்காகத் தாய்வீட்டிலேயே தங்கியிருந்த கோமதி, முதலமடையில் தங்கள் வீட்டிலிருந்த தனபாலுக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, பெரியம்மாவப் போயிப் பாத்துருங்க. அண்ணன் கொதிச்சுட்டு இருக்கறாரு. தயவு பண்ணி அங்கயும் போயிட்டு வர்றேன் கீயிட்டு வர்றேன்னு ஒளறி வெக்காதீங்க. பேசாம எந்திரிச்சு வந்துருங்க."

தனபால் அச்சுப் பிசகாமல் செய்தான். ஒரு பெட்டி செந்தூரம் மாம்பழத்துடன் போனான். கட்டிலருகே உட்கார்ந்தான். பெரியம்மா தான் எப்படி வழுக்கினாள் என்று கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக் கதையில் எழுந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வெளியே நடந்தான்.

"அட பாவி!" என்று வார்டே அதிரக் கத்தினாள் பெரியம்மா. "எழவூட்டுல இருந்து போறாப்பல போறானே! என்னையப் பொணம்னே முடிவு பண்ணிட்டானா!"

ரத்தக் கொதிப்பு ஏறி, அறுவை சிகிச்சையையே டாக்டர் தள்ளிப்போட்டார்.

அருள்குமார் அன்றைக்கே மண்டிக்கு வந்துவிட்டான். தனபால் முதலமடை மாம்பழ மண்டியில் தரம் பிரிப்பவன். கூடை கூடையாய்க் கிடந்த பழத்துக்கு நடுவில் மச்சான் உறுமினான். "மறுக்கா ஆசுபத்திரிக்குப் போறீங்க. ரெண்டு நல்ல வார்த்தை சொல்றீங்க. அப்பறந்தான் வெளிய வர்றீங்க."

இரண்டு நல்ல வார்த்தைக்காகத் தனபால் இடுப்பெலும்பைப் பற்றி நிறையப் படித்தான். போய்க் கட்டிலருகே நின்றான்.

"பெரியத்தை, இந்த வயசுல இடுப்பு முறிஞ்சவங்க நெறையப் பேரு வருசந் திரும்பறதுக்குள்ள போயிருவாங்களாமுங்க. ஆனா எல்லாரும் போறதில்லீங்க."

பெரியம்மா வாயைத் திறந்தாள். கை நர்ஸைக் கூப்பிடும் மணியைத் தேடியது.

"போனாலும், தூக்கத்துல போனா வலி தெரியாதுங்களாம்," என்றான் தனபால். இரண்டு வார்த்தை. எண்ணிக்கை சரி. "அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க!"

அன்று மாலை கோமதி போன் செய்தபோது அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலாம்.

"கருமாதி முடிஞ்சும் நான் அங்க வரலீங்க. அம்மா பட்ட பாட்டப் பாத்துப் பாத்து வளந்தவ நான். எங்கப்பன் தேடிப் புடிச்சு என்னையும் அதே குழியில தள்ளிட்டாரு. நான் இல்லாட்டி உங்களுக்கு என்னங்க கஷ்டம்? ஒண்ணாச்சும் சொல்லுங்க பாக்கலாம்."

கேள்வி கேட்டால் தனபால் யோசித்துத்தான் பதில் சொல்வான். "சோறு நானே ஆக்கிக்குவேன். துணியும் நானே தொவச்சுக்குவேன்..."

மூன்றாவதுதான் முக்கியம். அதைச் சொல்வதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். காலி வீட்டில் உட்கார்ந்து தனபால் இடிந்துபோனான். என்ன தப்புச் செய்தோம் என்று தெரிந்தால் திருத்தலாம். சொன்னதை எல்லாம் செய்துதானே இத்தனை தப்பும் வந்திருக்கிறது!

மறுநாள் மண்டியில் லாரி ஒன்று ஹாரனை அழுத்தியது. தனபால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கூடைகளுக்குப் பின்னால் குந்தினான். சுமை இறக்குபவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். கணக்கு எழுதும் மலையாளப் பெண் ரிஞ்சு சிரிக்கவில்லை.

"தனபாலேட்டா, ஒரு காரியம் சொன்னா தேஷ்யம் வருமோ?"

"கோவமுங்களா? என்னன்னு கேட்டாத்தான் தெரியும்."

"என்ட அனியனும் இது போலயாணு," என்றாள் ரிஞ்சு. அனியன் என்றால் அவள் தம்பி. "அவனுக்கு ஆட்டிசம்னு ஸ்கூல்ல படிக்கும்போதே கண்டுபிடிச்சாங்க. பெரியவங்களை நம்ம நாட்டுல யாரு பாக்குது? கிறுக்கு, மொரடுன்னு சொல்லி விட்டுருவாங்க." அவன் போனுக்கு ஒரு கேள்வித்தாளை அனுப்பினாள். "நீங்களே பதில் சொல்லி நோக்குங்க. இது டாக்டர் சொல்ற முடிவல்ல. டாக்டர்கிட்ட போகணுமா வேண்டாமான்னு தெரியும், அத்தறே உள்ளூ, அவ்வளவுதான்."

சாப்பாட்டு நேரம் முழுக்கத் தனபால் முதல் கேள்வியிலேயே நின்றான். "'சில சமயம்'னு போட்டிருக்குதுங்க. எத்தனை சமயம்?"

"இந்தக் கேள்வி கேட்டதே ஒரு பதிலாணு ஏட்டா," என்றாள் ரிஞ்சு.

போகப் போக அவன் வேகமாகப் படித்தான். அப்புறம் மெதுவாகப் படித்தான். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்து பார்த்த யாரோ எழுதியது போல் இருந்தது. கடைசியில் திரையில் ஓர் எண் வந்தது. குறித்திருந்த எல்லைக் கோட்டைத் தாண்டி வெகு மேலே. ஒரு மருத்துவரைப் பாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது.

"அப்ப நான் கெட்டவன் இல்லீங்களா?"

"ஆரு சொன்னது கெட்டவன்னு?"

"எல்லாருமுங்க," என்றான் தனபால். அவன் கண் கலங்கியதைப் பார்த்து ரிஞ்சு கணக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதல்லவா? 'கருமாதி ஏற்பாடு' என்ற வாட்ஸப் குழுவில், இலைக்கும் வாழைக்காய்க்கும் நடுவே, தன் மார்க்கைப் போட்டுவிட்டான்.

பூங்கொத்துகள் வந்து குவிந்தன. "வாழ்த்துகள் மாப்ள! என்ன பரீட்சை, சர்க்கார் வேலைக்குப் பி.எஸ்.சி.ங்களா?" என்று கேட்டார் சிற்றூர் சித்தப்பா. "இந்த வயசுல வெறியோட படிச்சிருக்காரு பாருங்க" என்றார் இன்னொருவர்.

தனபால் விளக்கம் எழுதினான். நீளமாகவே எழுதினான்.

அப்புறம் அருள்குமாரின் செய்தி வந்தது: "மூளைக் கோளாற மறைச்சு எங்கூட்டுப் புள்ளையக் கட்டியிருக்கீங்க. கருமாதி அன்னிக்குப் பேசித் தீத்துக்கலாம்."

கருமாதிச் சாப்பாடு முடிந்து, மத்தியான வெயிலில் ஆண்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கோமதி கதவோரம் நின்றாள். உள் அறையில் சரஸ்வதியம்மாள், அன்றைக்கு உட்கார்ந்த அதே சுவரில் சாய்ந்திருந்தாள். இன்னும் அவள் அழவில்லை, யாரிடமும் பேசவுமில்லை.

"சொல்லுங்க மாப்ள, எத்தனை வருசமா இந்தச் சீக்கு?" என்றான் அருள்குமார்.

"சீக்கு இல்லீங்க மச்சா. பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க."

"அப்ப தெரிஞ்சுதான் மறைச்சிருக்கீங்க!"

"எனக்கே போன வாரந்தானுங்க தெரிஞ்சுது. பாலக்காட்டுல டாக்டரப் பாக்கறதுக்குப் பேரு எழுதி வெச்சிருக்கறேன். அவரு பாத்துத்தான் உறுதியாச் சொல்லோணும்."

"அப்படி என்னதாங் கேட்டான் அதுல? படியுங்க மாப்ள, நாமளும் பாஸா பெயிலான்னு பாப்போம்," என்றார் சிற்றூர் சித்தப்பா. கூடம் சிரித்தது.

படிக்கச் சொன்னால் தனபால் படிப்பான். போனை எடுத்தான். கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தால் உடம்பு அடித்துப்போட்டது போல் ஆகிவிடுமா? உங்கள் தட்டை, உங்கள் இடத்தை யாராவது மாற்றிவிட்டால் அன்றைய பொழுதே கெட்டுப்போகுமா? மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிட்டு, எதற்குக் கோபித்துக்கொண்டார்கள் என்று தெரியாமல் நிற்பீர்களா? ஒவ்வொன்றுக்கும் கீழே தன் பதிலையும் படித்தான். சிரிப்புக் குறைந்தது.

"யாராவது அழும்போது என்ன செய்வதென்று தெரியாமல், அவர்களுக்காகக் கைக்குக் கிடைத்த ஒரு வேலையைச் செய்யப் போய்விடுவீர்களா?" தனபால் நிமிர்ந்தான். "ஆமாங்க. மாமா செத்தன்னிக்கு மோட்டார் போட்டேன். உள்ள நின்னுட்டு அழுதேன்."

கோமதி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோமதி, நீ அன்னிக்குக் கேட்டது, மூணாவது சொல்றதுக்குள்ள போன வெச்சுட்ட," என்றான். "எனக்குச் சத்தம் ஆகாது. உன்ற சத்தம் மட்டும் வேணும். அது இல்லாம ஊட்டுல இருக்க முடியல."

அருள்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் உள் அறையிலிருந்து ஒரு கேவல் கேட்டது. சரஸ்வதியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். கையில் ஆறுமுகசாமியின் லோட்டா இருந்தது. கோமதி பதறிப்போய்த் தாங்கப் போனாள்.

"என்னைய விடு சாமி. நீ போயி உன்ற ஊட்டுக்காரரு பக்கத்துல உக்காரு."

கோமதி போய் உட்கார்ந்தாள். தனபால் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

சரஸ்வதியம்மாள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மறுக்கா மொதக் கேள்வியில இருந்து படிங்க மாப்ள. உங்க மாமனுக்கு வேண்டி நான் பதில் சொல்றேன்."