ஊடு இல்லாதவருக்குப் பட்டம் இல்லை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் கோட்டைமேட்டு முஸ்தபா. கதையில் வரும் கல்லூரியின் முதல் பி.ஏ. வகுப்பில் படித்தவர். சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் சிரிக்கவில்லை. அதனால் பொய் என்று நினைத்தேன். பிறகு, அதனாலேயே நிஜமாக இருக்குமோ என்று மனம் அரித்தது.

ஐம்பத்து நான்காம் வருடம். கோயமுத்தூருக்கு வெளியே ஒரு சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி, தன் முதல் பட்டதாரிகளுக்கு விழா எடுக்கத் தீர்மானித்தது. முதல்வரான வெள்ளைக்காரப் பாதிரியார் அப்போது கோடைக்கானலில் இருந்தார். அங்கிருந்து தலைமை எழுத்தர் ஈஸ்வரமூர்த்திக்கு டிரங்க்கால் வந்தது. பட்டதாரிகள் கறுப்பு அங்கியின் மேல் தோளில் போட்டுக்கொள்ளும் வண்ணத் துணிக்கு ஆங்கிலத்தில் ஹூட் என்று பெயர். பாதிரியார் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ஹூட் இல்லாதவன் மேடை ஏறக் கூடாது."

இரைச்சலில் ஈஸ்வரமூர்த்தியின் காதில் அது 'ஊடு' என்று, அதாவது கொங்குப் பேச்சில் வீடு என்று, விழுந்தது. கடைசியில் துரையும் நம் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டாரே என்று அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் ஆபீஸ் காகிதத்தில் கொச்சை கூடாதல்லவா? திருத்தி எழுதினார்: "சொந்த வீடு இல்லாத மாணவர் பட்டம் பெறும் தகுதியை இழக்கிறார் என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. வீட்டுக்கு அத்தாட்சியாகக் கூரை ஓடு ஒன்றை நேரில் கொண்டுவரவும்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்காமல் படித்ததால்தான் எல்லோரும் தேறியிருந்தார்கள். மில் முதலாளி மகன் சுந்தரராஜுலு மட்டும் ஈஸ்வரமூர்த்தியிடம் ஒரு சந்தேகம் கேட்டான்.

"எங்களுது மச்சு ஊடுங்க. ஓட்டுக்கு எங்க போறதுங்க?"

"செங்கல் கொண்டாங்க தம்பி. மச்சு ஊட்டுக்காரங்களுக்குச் சலுகை உண்டு."

வகுப்பில் முதலாவதாக வந்தவன் தொண்டாமுத்தூர் திருமலைசாமி. வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வாத்தியார் வேலை காத்திருந்தது. பட்டத்தோடு போனால் சேர்த்துக்கொள்வார்கள். அவனும் ஈஸ்வரமூர்த்தியிடம் வந்தான்.

"ஏனுங்க, எங்க ஊட்டை ஆனை தள்ளிப்போட்டுதுங்க."

"எப்போ? பரீட்சைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதானுங்க."

"அப்போ பரீட்சை செல்லும் கண்ணு. பட்டந்தான் செல்லாது."

"ஓடு நெறையக் கெடக்குதுங்க. ஊடுதான் இல்லீங்க."

"ஊட்டு மேல இருந்தா ஓடு. கீழ கெடந்தா அது சல்லி."

துணை முதல்வர் ஞானாபரணம் இரக்கமுள்ளவர். "ஆண்டவருக்கே சொந்த வீடு கிடையாதே, ஈஸ்வரமூர்த்தி?" என்றார்.

"அவரு பி.ஏ. எழுதலீங்களே ஐயா."

அதிலிருந்த நியாயம் துணை முதல்வருக்குப் பட்டது. கையெழுத்துப் போட்டார்.

விழா நாளன்று மாணவர்கள் அங்கி தரித்து, ஆளுக்கொரு ஓட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சுந்தரராஜுலு செங்கல்லோடு நின்றான். கோடைக்கானலிலிருந்து வந்து இறங்கிய பாதிரியார் பெட்டியைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்த சிவப்புத் துணிகள். "இதோ, ஹூட்!" என்றார்.

அந்த நொடியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யாராவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், கையில் இருக்கிற ஓட்டுக்கு என்ன விளக்கம் சொல்வது?

"இது என்ன ஓடு?" என்று பாதிரியாரே கேட்டார்.

ஈஸ்வரமூர்த்தி சமாளித்துக்கொண்டார். "கொங்கு நாட்டுச் சம்பிரதாயமுங்க தொரை. படிச்ச பையன் ஊட்டுப் பாரத்தைச் சுமப்பான்னு காட்டறதுங்க."

பாதிரியார் உருகிப்போனார். வருடாவருடம் இப்படியே நடக்கட்டும் என்று உத்தரவிட்டார். பட்டம் கொடுத்து முடித்தபோது பெட்டியில் ஒரு துணி மிஞ்சியது.

"இது யாருக்கு?"

"ஆள் வரலீங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ஆள் கல்லூரி கேட்டுக்கு வெளியேதான் நின்றான். மேடையிலிருந்து பார்த்தால் தெரியும். மிஞ்சிய துணியை ஆர்மோனியத்துக்குப் போர்த்தினார்கள். வால்பாறை வேலைக்கு வேறு ஆள் போனான். ஓடு ஏந்தும் சம்பிரதாயம் இன்றும் தவறாமல் நடக்கிறதாம்.

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வியைப் போன வாரம்தான் முஸ்தபாவிடம் கேட்டேன்:

"திருமலைசாமிக்கு ஊடு இல்லை, செரிங்க பாய். உங்க அத்தனை பேருக்கும் வாய் இருந்துதுங்கல்ல?"